அறிவியல் கேள்வி-பதில்: மறைந்த பட்டை எதைச் சொல்கிறது?

சென்ற சில வாரங்களாக இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. நோயெதிர்ப்பு ஏற்பிகளை ஆராயும் ஆய்வகங்களில் பயன்படும் செயற்கைத் தடுப்புப் பெப்டைடு, அதாவது பிள்ளைகள் வாயில் ‘பிளாக்கிங் பெப்டைடு’, என்பதே அந்தப் பொருள். பெப்டைடு என்பது புரதத்தின் கட்டுக்கற்களான அமினோ அமிலங்கள் சில கோத்த சிறு சங்கிலி. டர்பன் மருத்துவக் கல்லூரியிலும் வெஸ்ட்வில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகங்களிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இத்துறையில் இருப்பதால் இதில் வியப்பில்லை. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என் மகள் டர்பனில் நோயெதிர்ப்பியல் ஆய்வு மாணவி. ‘டி.எல்.ஆர்.4’ என்ற ஒன்றை ஆராய்வதாகச் சொல்கிறாள். ‘பிளாக்கிங் பெப்டைடு இன்னும் வந்து சேரவில்லை, அதனால் வேலை நிற்கிறது’ என்று தினமும் புலம்புகிறாள். ஒரு சிட்டிகைத் தூளுக்காக ஆராய்ச்சியே நிற்குமா, ஐயா?
— ஒரு தாயார், சாட்ஸ்வர்த்

நிற்கும், அம்மா, நிற்பதே நல்லது. ஏன் என்று சொல்கிறேன்.

நம் உடலின் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் கிருமி நுழைந்திருப்பதைச் சில புரதங்களைக் கொண்டு உணர்கின்றன. அவற்றை ஏற்பிகள் என்கிறோம். டி.எல்.ஆர்.4 என்பது அவற்றுள் ஒன்று. குடல் கிருமிகள் போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு என்ற நச்சுப்பொருளை, எம்.டி.-2 என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து, இது அடையாளம் காண்கிறது. இந்த வேலை டி.எல்.ஆர்.4-உடையதே என்பதை 1998-இல் அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லரின் குழு எலிகளைக் கொண்டு நிறுவியது. 2011-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

இந்த ஏற்பியைக் கண்ணால் பார்க்க முடியாது. எனவே, அதைத் தேடிப் பிடிக்கும் ஓர் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, ஆய்வகங்கள் விலைக்கு வாங்குகின்றன. ஏற்பியின் நீண்ட சங்கிலியில் 10 முதல் 20 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டு ஒன்றைச் செயற்கையாகச் செய்து, அதை ஒரு முயலுக்கு ஊசியாகப் போட்டு, முயலின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பது வழக்கமான முறை. பிறகு, உயிரணுவின் புரதங்களை எல்லாம் அளவுவாரியாகப் பிரித்து, ஒரு சவ்வில் ஒட்டவைத்து, அதன்மேல் இந்த எதிர்ப்பொருளை ஊற்றினால், அது பற்றிய இடமெல்லாம் கறுப்புப் பட்டையாகத் தெரியும். இதுவே வெஸ்டர்ன் பிளாட். ஒரே ஒரு பட்டை வர வேண்டிய இடத்தில் இரண்டு, மூன்று பட்டைகள் வருவது அன்றாட நிகழ்ச்சி. எது உண்மையான ஏற்பி, எது சும்மா ஒட்டிக்கொண்டது என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

தடுப்புப் பெப்டைடு என்பது, முயலுக்குப் போடப்பட்ட அதே துண்டு, தனியாக ஒரு சிறு குப்பியில் வருவது. மகள் இரண்டு குழாய்களில் சம அளவு எதிர்ப்பொருளை எடுத்துக்கொள்வார். ஒன்றில் பெப்டைடையும் மற்றொன்றில் அதே அளவு வெறும் நீரையும் சேர்த்து, இரண்டையும் அறை வெப்பத்தில் அரை மணி நேரமோ, குளிர்பெட்டியில் இரவு முழுவதுமோ வைத்திருப்பார். எதிர்ப்பொருளுக்குப் பற்றும் கைகள் இரண்டு. இரு கையிலும் முன்கூட்டியே பெப்டைடைத் திணித்துவிட்டால், சவ்வில் இருக்கும் புரதத்தைப் பிடிக்கக் கை இராது. பெப்டைடு சேர்த்த சவ்வில் எந்தப் பட்டை மறைகிறதோ, அது எதிர்ப்பொருளின் பற்றும் முனை வழியாக உண்டானது. மறையாமல் நிற்கும் பட்டை வேறு ஏதோ காரணத்தால் வந்தது.

பெப்டைடை எதிர்ப்பொருளைப்போல் ஐந்து மடங்கு எடையில் சேர்ப்பது வழக்கம். ஐந்து மடங்கு என்றால் குறைவாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் எதிர்ப்பொருள் மூலக்கூறின் எடை சுமார் 1,50,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு; ஆயிரம் டால்டன் ஒரு கிலோடால்டன்). 15 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடின் எடை சுமார் 1,650 டால்டன்தான். ஆகவே 1 மைக்ரோகிராம் எதிர்ப்பொருளோடு 5 மைக்ரோகிராம் பெப்டைடைச் சேர்த்தால், ஒவ்வொரு கைக்கும் இருநூறுக்கு மேற்பட்ட பெப்டைடு மூலக்கூறுகள் காத்து நிற்கும். தங்கள் மகள் காத்திருக்கும் அந்தச் சிட்டிகைத் தூள் பல பரிசோதனைகளுக்குப் போதும்.

புரட்டாசி விரதம் இருக்கும் எங்கள் ஆயா, பேரன் ஆய்வகத்தில் கையாளும் இந்தப் பெப்டைடு விலங்கிலிருந்து எடுப்பதா என்று கேட்கிறார். நானும் அவனிடம் கேட்டேன். சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
— ஒரு வாசகி, டொங்காட்

பெப்டைடு விலங்கிலிருந்து வருவதன்று; முழுக்க வேதியியல் தயாரிப்பு. அமெரிக்க வேதியியலாளர் புரூஸ் மெரிஃபீல்ட் 1963-இல் வெளியிட்ட முறையே இன்றும் அடிப்படை. நுண்ணிய பிசின் மணி ஒன்றின்மேல் முதல் அமினோ அமிலத்தைக் கட்டிவைத்து, அடுத்ததை இணைத்து, மிச்சத்தைக் கழுவி, மறுபடியும் அடுத்ததை இணைத்து என்று சங்கிலியின் கடைக்கோடியிலிருந்து தலைப்பக்கம் நோக்கி வளர்ப்பார்கள். அவர் முதலில் செய்து காட்டியது நான்கே அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு. ஒவ்வோர் இணைப்பும் 99 விழுக்காடு வெற்றி பெற்றால்கூட, 15 அமினோ அமிலச் சங்கிலியின் முடிவில் முழுமையாக இருப்பது சுமார் 87 விழுக்காடுதான். மீதி குறைச் சங்கிலிகள். அதனால்தான் எச்.பி.எல்.சி. என்ற முறையில் வடித்துத் தூய்மை செய்து, உறைநிலையில் உலர்த்தி விற்கிறார்கள்.

எதிர்ப்பொருளின் கதை வேறு. அதற்கு முயலோ ஆடோ எலியோ வேண்டும். சிறு பெப்டைடைத் தனியாகப் போட்டால் முயலின் உடல் பெரும்பாலும் பொருட்படுத்தாது என்பதால், அதை ஒரு பெரிய புரதத்தோடு பிணைத்தே ஊசி போடுகிறார்கள். மிகுதியும் பயன்படும் அந்தப் புரதம் கலிஃபோர்னியக் கடலோரத்தில் வாழும் ஒரு வகைக் கடல் நத்தையின் நீல இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. ஆயாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பதைப் பேரனே முடிவு செய்துகொள்ளட்டும்.

டி.எல்.ஆர்.4 எதிர்ப்பொருளைக் கொண்டு வெஸ்டர்ன் பிளாட் செய்தேன். 110 கிலோடால்டன் அருகே ஒரு பட்டையும் 60 அருகே இன்னொன்றும் வந்தன. தடுப்புப் பெப்டைடு சேர்த்தபோது இரண்டுமே மறைந்துவிட்டன. ‘இரண்டுமே டி.எல்.ஆர்.4 தான் என்று உறுதியாயிற்று. அப்படியே எழுதிவிடு’ என்கிறார் உடன் பணிபுரியும் அண்ணன் ஒருவர். எழுதலாமா?
— முதுகலை மாணவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அப்படி எழுத வேண்டாம். இந்தப் பரிசோதனையைப் பற்றி நிலவும் மிகப் பெரிய தவறான எண்ணம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருப்பதால் சற்று விரிவாகவே விடையளிக்கிறேன்.

பட்டை மறைந்தது என்பதன் பொருள், அந்தப் பட்டையை எதிர்ப்பொருள் தன் பற்றும் முனையால் பிடித்திருந்தது என்பது மட்டுமே. அது பிடித்த புரதம் எது என்பதைப் பெப்டைடு சொல்லாது, சொல்லவும் முடியாது. எதிர்ப்பொருள் தவறான புரதம் ஒன்றைத் தன் இரு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தாலும், கைகளைப் பெப்டைடு அடைத்தவுடன் அந்தத் தவறான பட்டையும் சரியான பட்டையைப் போலவே மறைந்துவிடும்.

அப்படித் தவறாகப் பிடிப்பது அரிதான நிகழ்ச்சி என்று எண்ண வேண்டாம். நேர்கோட்டுத் துண்டுகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு அமினோ அமிலங்களையே இறுகத் தொடுகின்றன. இருபது வகை அமினோ அமிலங்களைக் கொண்டு ஐந்து இடங்களை நிரப்பினால் 32 இலட்சம் வரிசைகள் கிடைக்கும். மனித உடலில் சுமார் 20,000 புரத மரபணுக்கள். ஒரு புரதத்துக்குச் சராசரியாக 500 அமினோ அமிலங்கள் என்று வைத்துக்கொண்டாலே மொத்தம் ஒரு கோடி இடங்கள். எல்லா அமினோ அமிலங்களும் சம அளவில் இருப்பதாக எளிமைப்படுத்திக்கொண்டால், எந்த ஓர் ஐந்தெழுத்து வரிசையும் தற்செயலாகவே மூன்று இடங்களில் வர வாய்ப்புண்டு. முயலின் சீரத்திலோ, அதாவது இரத்தத் தெளிநீரிலோ, ஒரே எதிர்ப்பொருள் இல்லை. பெப்டைடின் வெவ்வேறு பகுதிகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களின் கூட்டம் இருக்கிறது. உறவே இல்லாத புரதம் ஒன்று இதில் மாட்டிக்கொள்வதில் வியப்பென்ன?

இப்போது உங்கள் பட்டைகளுக்கு வருவோம். மனித டி.எல்.ஆர்.4 சங்கிலியில் 839 அமினோ அமிலங்கள். கணக்கிட்ட எடை ஏறத்தாழ 96 கிலோடால்டன். அதன்மேல் சர்க்கரைக் கிளைகள் ஏறுவதால் சவ்வில் அது 100-க்கு மேலேயே நிற்கும். ஆகவே, 110 அருகே உள்ள பட்டை எதிர்பார்ப்புக்குப் பொருந்துகிறது. 60 அருகே உள்ளது சிதைந்த துண்டாக இருக்கலாம். அதே மரபணுவின் குறுகிய வடிவமாக இருக்கலாம். மேலே சொன்ன கணக்கின்படி முற்றிலும் வேறு புரதமாகவும் இருக்கலாம். மூன்றுமே பெப்டைடால் மறையும்.

இதைப் புதிதாக நான் சொல்லவில்லை. நரம்பியல் துறையில் இதே குழப்பம் மலிந்தபோது, 2003-இல் கிளிஃபோர்ட் சேப்பரும் பால் சாச்சென்கோவும், பெப்டைடு கலந்து மறையச் செய்து காட்டுவதை மட்டுமே சான்றாக ஏற்கலாகாது என்று தங்கள் துறை இதழில் ஆசிரியவுரையே எழுதினார்கள். 2016-இல் மத்தியாஸ் உலேன் தலைமையில் கூடிய பன்னாட்டு அறிஞர் குழு எதிர்ப்பொருளைச் சோதிக்க ஐந்து வழிகளைப் பரிந்துரைத்தது. மரபணுவை நீக்கியோ அடக்கியோ பார்ப்பது, எதிர்ப்பொருள் இல்லாத வேறு முறையோடு ஒப்பிடுவது, அதே புரதத்தின் வேறிடத்தைப் பிடிக்கும் இரண்டாவது எதிர்ப்பொருளோடு ஒப்பிடுவது, அடையாளம் கட்டிய புரதத்தை உயிரணுவில் உண்டாக்கிப் பார்ப்பது, எதிர்ப்பொருள் பிடித்ததை இழுத்தெடுத்து நிறை நிறமாலையில் படிப்பது ஆகியவையே அவை. இந்த ஐந்தில் தடுப்புப் பெப்டைடு இடம்பெறவில்லை என்பதை அண்ணனிடம் சொல்லுங்கள்.

உங்கள் கையிலிருக்கும் வசதிக்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எச்.இ.கே.293 என்ற மனித உயிரணு வகை இயல்பில் டி.எல்.ஆர்.4-ஐ உண்டாக்குவதில்லை. அதன் புரதங்களை வெஸ்டர்ன் பிளாட்டில் ஓட்டுங்கள், டி.எல்.ஆர்.4 மரபணுவைப் புகுத்திய அதே வகை உயிரணுவின் புரதங்களைப் பக்கத்தில் ஓட்டுங்கள். 60 அருகே உள்ள பட்டை மரபணு புகுத்தாத உயிரணுவிலும் வந்தால், அது டி.எல்.ஆர்.4 அன்று என்பது அப்போதே முடிவாகிவிடும்.

எலியில் செய்வதானால் ஒரு பொறி இருக்கிறது. பலர் அதில் விழுந்திருக்கிறார்கள். டி.எல்.ஆர்.4 வேலை செய்யாத எலி என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது சி3எச்/எச்.இ.ஜே. என்ற இனம். அந்த எலியில் 712-ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம், புரோலினுக்குப் பதிலாக ஹிஸ்டிடின், மாறியிருக்கிறது. ஏற்பி செயலற்றுப் போகிறதே ஒழிய, புரதம் அப்படியே உண்டாகிறது; உங்கள் எதிர்ப்பொருள் அதையும் பிடிக்கும். எதிர்ப்பொருளைச் சோதிக்க அது எதிர்மறைச் சான்று ஆகாது. மரபணுவே இல்லாத சி57பி.எல்./10எஸ்சி.சி.ஆர். இனமோ, ஆய்வகத்தில் மரபணுவை நீக்கிய எலியோதான் வேண்டும். பாய்ட்லர் குழு 1998-இல் ஆராய்ந்தது சி3எச்/எச்.இ.ஜே., சி57பி.எல்./10எஸ்சி.சி.ஆர். ஆகிய இரண்டு இனங்களையும்தான் என்பது கவனிக்கத்தக்கது.

அப்படியென்றால் பெப்டைடு வீண்செலவா? இல்லை. அதன் பலம் மறுபக்கத்தில் இருக்கிறது. போதிய அளவு பெப்டைடு சேர்த்தும் ஒரு பட்டை மறையவில்லை என்றால், அதைத் தயக்கமின்றி ஒதுக்கிவிடலாம். வேண்டாததை நீக்குவதில் இது வல்லது; வேண்டியதை நிறுவுவதில் வலுவற்றது. ஆகவே ஆய்வேட்டில், ‘இரு பட்டைகளும் ஊசிக்குப் பயன்பட்ட பெப்டைடால் மறைந்தன, மேற்பட்டை எதிர்பார்த்த எடையோடு பொருந்துகிறது, கீழ்ப்பட்டையின் அடையாளம் தீர்மானிக்கப்படவில்லை’ என்று எழுதுங்கள். அதோடு, அதே அமினோ அமிலங்களை வரிசை மாற்றிக் கோத்த கலைந்த பெப்டைடு ஒன்றையும் மூன்றாவது சவ்வில் காட்டினால், எந்தப் பெப்டைடைப் போட்டாலும் பட்டை மறைந்திருக்கும் என்று தேர்வாளர் சொல்ல இடமிராது. எல்லாச் சவ்வுகளையும் ஒரே நேர அளவுக்கு ஒளிப்படம் எடுத்திருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

மனித மேக்ரோஃபேஜ் உயிரணுக்களில் முயல் எதிர்ப்பொருளால் நிறமேற்றுகிறோம். தடுப்புப் பெப்டைடு கலந்த பிறகும் நிறம் சற்றும் குறையவில்லை. பெப்டைடு கெட்டுவிட்டதா?
— ஆய்வக உதவியாளர், லெனேசியா

கெட்டிருக்கலாம், ஆனால் நான் முதலில் சந்தேகிப்பது உயிரணுவை. கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்பு உயிரணுவான மேக்ரோஃபேஜின் மேற்பரப்பு முழுவதும் எஃப்சி ஏற்பிகள் என்பவை நிறைந்திருக்கின்றன. எதிர்ப்பொருளின் வால் பகுதியைப் பிடிப்பதே இவற்றின் பிறவித் தொழில். இவற்றுள் சி.டி.64 என்பது தனித்து மிதக்கும் எதிர்ப்பொருளைக்கூட வலுவாகப் பற்றும். ஆகவே, உங்கள் முயல் எதிர்ப்பொருளின் கைகளைப் பெப்டைடு அடைத்திருந்தாலும், அதன் வாலை உயிரணுவே பிடித்து இழுத்து வைத்துக்கொள்கிறது. நிறம் அப்படியே நிற்கிறது. நோயெதிர்ப்பு ஏற்பிகளை ஆராய்பவர்களுக்கு இது மற்றத் துறையினரைவிடப் பெரிய தொல்லை. அவர்கள் தேடும் ஏற்பி எந்த உயிரணுவில் இருக்கிறதோ, அதே உயிரணுவில்தான் இந்த எஃப்சி ஏற்பிகளும் நிறைந்திருக்கின்றன.

எஃப்சி தடுப்பு வேறு, தடுப்புப் பெப்டைடு வேறு. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. நிறமேற்றுமுன் மனித ஐ.ஜி.ஜி. (இரத்தத்தில் மிகுதியாக உள்ள எதிர்ப்பொருள் வகை) கலந்த எஃப்சி தடுப்புக் கரைசலில் உயிரணுக்களைச் சிறிது நேரம் வையுங்கள். முயல் எதிர்ப்பொருளைப் பற்றி நிறம் காட்டும் உங்கள் இரண்டாம்நிலை எதிர்ப்பொருள் மனித ஐ.ஜி.ஜி.யைப் பற்றாத வகையாக இருக்க வேண்டும். ஊசி போடாத முயலின் ஐ.ஜி.ஜி.யை அதே செறிவில் மற்றொரு கண்ணாடித் தகட்டில் ஊற்றிப் பாருங்கள். அதிலும் இதே நிறம் வந்தால், குற்றவாளி எஃப்சி ஏற்பிதான். வால் பகுதியை வெட்டி நீக்கிய எதிர்ப்பொருளைப் பயன்படுத்துவது இன்னும் தூய வழி. நீங்கள் தேடும் ஏற்பியே சி.டி.64, சி.டி.32 போன்ற எஃப்சி ஏற்பியாக இருந்தால், வால் நீக்கிய எதிர்ப்பொருள் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

இன்னொரு வழிக்கு நம் நாட்டோடு தொடர்புண்டு. கோழிக்கு ஊசி போட்டால் எதிர்ப்பொருள் முட்டையின் மஞ்சள் கருவில் சேர்கிறது. அதை எளிதில் பிரித்தெடுக்கும் முறையைத் தென்னாப்பிரிக்க அறிஞர் ஆல்ஃப்ரெட் போல்சனும் துணை ஆய்வாளர்களும் 1980-இல் வெளியிட்டார்கள். பாலூட்டிகளின் எஃப்சி ஏற்பிகள் கோழி எதிர்ப்பொருளின் வாலைப் பிடிப்பதில்லை. முயலைக் குத்தி இரத்தம் எடுக்க வேண்டியதும் இல்லை. உங்கள் ஏற்பிக்குக் கோழி எதிர்ப்பொருள் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் பாதித் தலைவலி தீரும்.

பெப்டைடு உயிரோடு இருக்கிறதா என்பதையும் எலைசா தட்டில், அதாவது எதிர்ப்பொருள் பற்றினால் நிறம் காட்டும் குழித்தட்டில், சோதித்துவிடலாம். தட்டில் பெப்டைடைப் பூசி, எதிர்ப்பொருளைத் தனியாகவும் பெப்டைடு கலந்தும் ஊற்றுங்கள். தனியாக ஊற்றிய குழியில் நிறம் வந்து, கலந்து ஊற்றிய குழியில் வராவிட்டால், பெப்டைடின்மேல் பழி இல்லை.

சி.சி.ஆர்.5 ஏற்பிக்கான மோனோகுளோனல் எதிர்ப்பொருளுக்குத் தடுப்புப் பெப்டைடு கேட்டால், ‘இதற்குக் கிடையாது’ என்கிறார்கள். ஏன்?
— ஆய்வு மாணவி, டர்பன்

எச்.ஐ.வி. நுழையும் கதவுகளில் ஒன்றான சி.சி.ஆர்.5, உயிரணுச் சவ்வை ஏழு முறை ஊடுருவி மடிந்து நிற்பது. அதற்கெதிரான மோனோகுளோனல்களில், அதாவது கூட்டமாக இல்லாமல் ஒரே வகையாக உண்டாக்கிய எதிர்ப்பொருள்களில், சில, 2டி7 என்பதைப் போல, மடிந்த வடிவத்தையே பிடிக்கின்றன. நேராக நீட்டிய 15 அமினோ அமிலத் துண்டில் அந்த வடிவம் இராது; எனவே அது எதிர்ப்பொருளின் கையை அடைக்காது. முழு உயிரணுவையோ புரதத்தையோ ஊசி போட்டு உண்டாக்கிய எதிர்ப்பொருள் என்றால், எந்தத் துண்டைப் பிடிக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அங்கே மரபணு நீக்கிய உயிரணுவே துணை.

என் தங்கைக்கு லூபஸ் நோய். ‘நோயெதிர்ப்பு ஏற்பியைத் தடுக்கும் பெப்டைடு’ இணையத்தில் விற்கிறது. இதை ஊசியாகப் போட்டால் நோய் தணியுமா, ஐயா? மருந்துகளால் அவள் மிகவும் களைத்துப் போயிருக்கிறாள்.
— ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

போடக் கூடாது, அம்மா. பெயர் மயக்குகிறது. ஆய்வகத் தடுப்புப் பெப்டைடு தடுப்பது ஏற்பியை அன்று. குழாயில் இருக்கும் ஆய்வு எதிர்ப்பொருளைத்தான். அது ஏற்பியின் ஒரு துண்டின் நகல், அவ்வளவே. உடலில் செலுத்தினால் ஏற்பி தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும். தவிர, அது மனிதருக்கான தூய்மையிலோ கிருமியற்ற நிலையிலோ தயாரிக்கப்படுவதில்லை. ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று குப்பியிலேயே அச்சிட்டிருக்கும். நோயெதிர்ப்பே நிலைகுலைந்திருக்கும் ஒருவருக்கு இதைப் போடுவது ஆபத்து.

ஏற்பியைத் தடுக்கும் உண்மையான மருந்துகள் இருக்கின்றன. முடக்குவாதத்துக்குப் பயன்படும் டோசிலிசுமாப் இன்டர்லூகின்-6 ஏற்பியைத் தடுக்கிறது. லூபஸுக்கென்றே அமெரிக்காவில் 2021-இல் ஒப்புதல் பெற்ற அனிஃப்ரோலுமாப் முதல்வகை இன்டர்ஃபெரான் ஏற்பியைத் தடுக்கிறது. இரண்டுமே எதிர்ப்பொருள்கள், மருத்துவமனையில் மருத்துவர் கண்காணிப்பில் தொடங்க வேண்டியவை. பெப்டைடு மருந்தே இல்லை என்றும் சொல்லமாட்டேன்: 2003-இல் ஒப்புதல் பெற்ற என்ஃபுவிர்டைடு, 36 அமினோ அமிலங்கள் கொண்ட செயற்கைப் பெப்டைடு, எச்.ஐ.வி. உயிரணுவோடு இணைவதைத் தடுக்கிறது. ஆனால் அது மருந்தாகவே வடிவமைக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் சோதிக்கப்பட்டது. நம் நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்யும் அமைப்பு சாப்ரா. அங்கே பதிவு பெறாத எதையும் வாங்க வேண்டாம்.

தங்கை இப்போது எடுத்துவரும் மாத்திரைகளை, குறிப்பாக ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுத்தால் அதை, தானாக நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். களைப்புக்கு நோய், மருந்து, இரத்தசோகை, உறக்கமின்மை என்று காரணங்கள் பல. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதையே முதல் கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

பெப்டைடைக் கரைத்து வைப்பதற்கு முறை உண்டா? எங்கள் பகுதியில் மின்சாரம் அடிக்கடி போகிறது. குப்பி வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
— ஆய்வக மேலாளர், வெஸ்ட்வில்

உலர்ந்த தூளாக இருக்கும்வரை கவலை குறைவு. சில மணி நேர மின்தடையை அது தாங்கும். தபாலில் சாதாரண வெப்பத்திலேயே அனுப்புகிறார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கரைத்த பிறகுதான் அது மென்மையாகிறது. லோட் ஷெடிங் கடுமையாக இருந்த காலத்தில், தூளாக வைக்க வேண்டியதை வாங்கியவுடன் கரைத்து வைத்து இழந்த ஆய்வகங்கள் பல.

தூளுக்கு மின்தடையைவிடப் பெரிய பகை டர்பன் கோடையின் ஈரக்காற்று. உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியைக் குளிர் தணியுமுன் உடனே திறந்தால், உள்ளே நீர் படியும். பெப்டைடு அதை உறிஞ்சிக்கொள்ளும். மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். பிறகு மையவிலக்கியில் ஒரு சுற்றுச் சுழற்றிவிட்டுத் திறங்கள். தூள் மூடியில் ஒட்டியிருக்கும், கண்ணுக்கே தெரியாது. வெறும் குப்பி அனுப்பிவிட்டார்கள் என்று விற்பவரோடு சண்டை போடுமுன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவில் தூய நீரில் கரைப்பது பொது முறை. கார அமினோ அமிலங்கள் மிகுந்த பெப்டைடு கரைய மறுத்தால் நீர்த்த அசிட்டிக் அமிலம் சிறிது. அமிலத்தன்மை மிகுந்ததற்கு நீர்த்த அம்மோனியா சிறிது. நீரை வெறுக்கும் வகையாயின் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் ஓரிரு துளி போதும். ஆனால் சிஸ்டீன், மெத்தியோனின் உள்ள பெப்டைடை டி.எம்.எஸ்.ஓ. ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். கரைத்ததைச் சிறு பங்குகளாகப் பிரித்து, கழித்தல் 20 டிகிரியில் வையுங்கள். ஒரு பங்கை ஒரு முறைக்கு மேல் உருக்க வேண்டாம். தானாகப் பனி நீக்கும் வீட்டு உறைபெட்டி இதற்கு ஏற்றதன்று. அது அவ்வப்போது தானே சூடேறி இறங்கும். குப்பியில் எழுதிய எடையில் உப்பும் ஈரமும் அடக்கம் என்பதால், பெப்டைடின் நிகர அளவு அதைவிடக் குறைவாகவே இருக்கும். துல்லியம் தேவையானால் பகுப்பாய்வுச் சான்றிதழில் நிகர அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பொருள் விற்கும் நிறுவனம் பெப்டைடின் வரிசையைச் சொல்ல மறுக்கிறது. அவர்களிடம் வாங்காமல் நாமே வேறிடத்தில் செய்வித்துக்கொள்ள முடியுமா?
— முனைவர் பட்ட மாணவர், டர்பன்

தகவல் தாளை மறுபடி படியுங்கள். வரிசையை மறைத்தாலும், ‘மனித டி.எல்.ஆர்.4-இன் இத்தனையாவது அமினோ அமிலத்திலிருந்து இத்தனை வரை’ என்று சிலர் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். யூனிபுராட் பொதுத் தரவுத்தளத்தில் அந்தப் புரதத்தின் முழு வரிசையும் இலவசமாகக் கிடைக்கிறது. எண்ணை வைத்துத் துண்டை எடுத்து, பெப்டைடு செய்து தரும் எந்த நிறுவனத்திடமும் கேட்கலாம். ஒரு கவனம்: கடல் நத்தைப் புரதத்தோடு பிணைப்பதற்காக ஒரு முனையில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒன்றைச் சேர்த்திருப்பார்கள், அது இயற்கை வரிசையில் இராது. தடுப்புப் பெப்டைடாக மட்டும் பயன்படுத்துவதானால், பெரும்பாலும் அதைச் சேர்க்காமலே செய்வித்துக்கொள்ளலாம். இல்லையேல் இரண்டு பெப்டைடுகள் தமக்குள் கைகோத்துக்கொள்ளும்.

வரிசை கிடைத்தால் இன்னொரு நன்மை உண்டு. அதைப் பிளாஸ்ட் என்ற இலவசத் தேடு கருவியில் மனிதப் புரதங்கள் முழுவதோடும் ஒப்பிட்டு, வேறெந்தப் புரதத்தில் அதன் பகுதி வருகிறது என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். சிறு வரிசைக்குக் கருவியின் அமைப்பைக் குறுந்தேடலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவரின் 60 கிலோடால்டன் பட்டைக்குரிய புரதம் அந்தப் பட்டியலிலேயே இருக்கக்கூடும்.

எண்ணும் இல்லை, வரிசையும் இல்லை என்றால், நீங்களாக ஊகித்துச் செய்வித்த பெப்டைடால் பயனில்லை. பட்டை மறையாவிட்டால் எதிர்ப்பொருள் தவறா, ஊகம் தவறா என்றே தெரியாது. அந்நிலையில் பெப்டைடை மறந்துவிட்டு, வரிசையை வெளிப்படையாக அச்சிடும் வேறொருவரின் எதிர்ப்பொருளுக்கு மாறிவிடுங்கள்.